தோட்டப்புற வீட்டுக்கு டிரெட்மில்: அளப்பது, வாங்குவது, நடப்பது, பராமரிப்பது

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் டிரெட்மில் விலை விசாரிப்பவர்களில் ஓட்டக்காரர்கள் குறைவு. பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். "இனிப்பு நீர் ஏறியிருக்கு, தினமும் நடங்க" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பப்பட்டவர்கள்; நீரிழிவைத்தான் இங்கே இனிப்பு நீர் என்கிறோம். ஹெவுட், எல்பில், டோவன்பி தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நாளொன்றுக்கு ஐந்நூறு ரப்பர் மரம்வரை பால் வெட்டிய தலைமுறைக்கு நடை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வேலையே நடையாக இருந்தது. தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்து, வேலையும் ஓய்ந்தபின், தட்டில் சோற்றின் அளவு அப்படியே இருக்கிறது. நடை மட்டும் நின்றுவிட்டது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அந்த விகிதம் ஆக அதிகம்.

வெளியில் நடக்க முடிந்தவர்கள் வெளியிலேயே நடக்கட்டும். திடலைச் சுற்றி நான்கு பேர் பேசிக்கொண்டே நடப்பதற்கு எந்த இயந்திரமும் ஈடாகாது. ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் மழை, தாமான் முனையில் தெருநாய்கள், விளக்கில்லாத செம்பனைச் சாலை, சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் நீளும் புகைமூட்டம் எல்லாம் சேர்ந்து நடையைக் கெடுத்துவிடுகின்றன. காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டும் நாளில் வெளியே நடப்பது நல்லதல்ல.

நம் வீடுகளுக்கு டிரெட்மில் தரக்கூடிய பெரிய பயன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய பத்து நிமிட நடை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. நாளில் ஏதோ ஒரு வேளை 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப் பின் அந்தக் குறைவு 22 விழுக்காடு. இரவு எட்டரைக்கு, மழையிலும், வாசலைத் தாண்டாமல் நடக்க முடிவதற்காகத்தான் இந்தச் செலவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த இயந்திரம் வேண்டும், எது வேண்டாம் என்பது பாதி தெளிவாகிவிடும்.

கடைக்கு முன் கிளினிக்

நெஞ்சுவலி, நடந்தால் மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல், முன்பு இதயச் சிகிச்சை, காலில் ஆறாத புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மருந்துப் பட்டியலையும் கொண்டு போங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

ஒன்று, நான் எடுக்கும் இனிப்பு நீர் மருந்து நடக்கும்போது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்குமா? இன்சுலின் போடுபவர்களுக்கும் கிலிக்கிளாசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அது அரிது. இரண்டு, என் இரத்த அழுத்த மாத்திரை நாடித் துடிப்பை மெதுவாக்கும் வகையா? அட்டெனோலோல், மெட்டோபுரோலோல், பிசோபுரோலோல் அந்த வகை. இவற்றை எடுப்பவர்களுக்கு "220 கழித்தல் வயது" என்று உச்ச நாடித் துடிப்பைக் கணிக்கும் கணக்கு பொருந்தாது. இயந்திரத் திரையில் தெரியும் இதயத் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது.

இடத்தை அளந்துவிட்டுப் போங்கள்

அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு டிரெட்மில்லின் நீளம் பொதுவாக 150 முதல் 180 சென்டிமீட்டர், அகலம் 70 முதல் 85. அது மட்டும் போதாது. பின்பக்கம் 2 மீட்டர், இரு பக்கமும் அரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். கால் தவறினால் பெல்ட் உங்களைப் பின்னால்தான் தள்ளும். பின்னால் சுவரோ அலமாரியோ இருந்தால், விழுந்தவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். கடுமையான காயங்கள் அப்படித்தான் ஏற்படுகின்றன. தொலைக்காட்சி பார்த்தபடி நடக்க வேண்டும் என்பதற்காக, முதுகைச் சுவருக்குக் காட்டி இயந்திரத்தைத் திருப்பி வைக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். அதற்குத் தொலைக்காட்சியையே இடம் மாற்றுங்கள்.

அடுத்து மேலே பாருங்கள். நடக்கும் தளம் தரையிலிருந்து 12 முதல் 20 சென்டிமீட்டர் உயரம். சரிவு ஏற்றினால் முன்பக்கம் இன்னும் உயரும். வீட்டில் ஆக உயரமானவர் அதன்மேல் நின்று கையைத் தூக்கினாலும் கூரை விசிறியில் படக் கூடாது. நேர் கீழே வைக்காமல் தள்ளி வைத்து, முன்னால் ஒரு ஸ்டாண்டு விசிறி வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது. காற்றில்லாமல் நடந்தால் பத்து நிமிடத்திலேயே களைத்துவிடுவீர்கள்.

கார் நிறுத்தும் போர்ச்சில் வைக்காதீர்கள். சாரல், தூசி, ஈரக்காற்று மூன்றும் இரும்பையும் மின்பலகையையும் தின்றுவிடும். சமையலறையும் வேண்டாம், எண்ணெய்ப் புகை பெல்ட்டின்மேல் படியும். கூடத்தில், குடும்பம் உட்காரும் இடத்தில் இருக்கட்டும். ஓர் அறைக்குள் ஒதுக்கப்பட்ட டிரெட்மில் சில மாதங்களில் துணி காயப்போடும் கம்பியாகிவிடுவதை ஊர் முழுக்கப் பார்க்கலாம்.

பழைய பலகை வீடு என்றால் இயந்திரத்தின் கால்கள் பலகைக்கு நடுவில் நிற்காமல், அடியில் உத்திரம் ஓடும் இடத்தில் நிற்க வேண்டும். அடியில் தடித்த பிளைவுட் போட்டால் எடை பரவும். டைல்ஸ் தரைக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு போதும்.

இயந்திரத்தில் எதைப் பார்ப்பது

கைப்பிடிதான் முதலில். அறுபது வயதுக்காரர் நடக்கும் வீட்டுக்கு, இரு பக்கமும் நீளமாக, அசையாத கைப்பிடி இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய கைப்பிடியில்லாத நடைப்பட்டைகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் பெல்ட் பெரும்பாலும் 40 சென்டிமீட்டர் அகலம்தான். மேசையில் வேலை செய்துகொண்டே நடக்கும் இளையவருக்கு அவை சரி. பாதத்தில் உணர்வு குறைந்த நீரிழிவுக்காரருக்கு அவற்றை வாங்கித் தராதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பெல்ட்டின் அகலம் நடைக்குக் குறைந்தது 45 சென்டிமீட்டர், நீளம் 120. ஓடுபவர் வீட்டில் இருந்தால் 50 அகலம், 140க்கு மேல் நீளம். விளம்பரங்களில் பெரிதாகப் போடுவது இயந்திரத்தின் மொத்த அளவு. நீங்கள் கேட்க வேண்டியது பெல்ட்டின் அளவு.

மோட்டார் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். "6 எச்பி", "7 எச்பி" (குதிரைத்திறன்) என்றெல்லாம் எழுதியிருக்கும். நம் வீட்டுச் சுவர் பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தரக்கூடியது ஏறக்குறைய 3,000 வாட். ஓர் எச்பி என்பது 746 வாட். ஆக, அந்த பிளக்கிலிருந்து வரக்கூடிய மொத்தச் சக்தியே 4 எச்பிதான். 7 எச்பி என்பது ஒரு நொடி உச்சத்தைக் காட்டும் எண். தொடர்ந்து தாங்கும் சக்தி எவ்வளவு என்று கேளுங்கள். நடைக்கு 1.5 முதல் 2, மெல்லோட்டத்துக்கு 2.5, ஓட்டத்துக்கு 3. மெதுவாக நடக்கும் கனமான ஆளுக்கு நல்ல மோட்டார் இன்னும் அவசியம். குறைந்த வேகத்தில் அதிக எடையை இழுப்பதுதான் சிறிய மோட்டாருக்கு ஆகக் கடினமான வேலை.

தாங்கும் எடையாக 100 கிலோ என்று எழுதியிருந்தால் 80 கிலோ உள்ளவருக்குச் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆகக் கனமானவரின் எடையோடு 20 கிலோ கூட்டிப் பாருங்கள்.

சரிவு பொத்தான் வீண் ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். முழங்கால் வலியால் வேகமாக நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. மருத்துவமனையில் இதயப் பரிசோதனைக்காக டிரெட்மில்லில் நடக்க வைப்பார்களே, அதில் பரவலாகப் பயன்படுவது அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை. அதன் முதல் கட்டம் மணிக்கு வெறும் 2.7 கிலோமீட்டர் வேகம்தான். ஆனால் சரிவு 10 விழுக்காடு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். வேகத்தைக் கூட்டாமலே இதயத்துக்கு வேலை கொடுக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. வீட்டில் 1 முதல் 3 விழுக்காடு போதும்.

அவசர நிறுத்தக் கயிறு கட்டாயம். சட்டையில் மாட்டும் அந்தக் கயிறு இழுபட்டதும் பெல்ட் நிற்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். தொடக்க வேகம் மணிக்கு 1 கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. புளூடூத், ஸ்பீக்கர், முப்பது நாற்பது பயிற்சித் திட்டங்கள் எதற்கும் காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

எங்கே, எப்படி வாங்குவது

நடைக்கு மட்டும் என்றால் 1,500 முதல் 2,500 ரிங்கிட்டுக்குள் தேறும் இயந்திரம் கிடைக்கும். ஷாப்பி, லசாடா இணையக் கடைகளில் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஈப்போவுக்குப் போய் ஒரு முறையாவது ஏறி நடந்து பாருங்கள். நீங்கள் எப்போதும் போடும் காலணியோடு போங்கள். பத்து நிமிடம் நடக்க விடத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

விலையைவிட முக்கியமான கேள்வி, பழுது பார்க்க ஆள் சுங்கை சிப்புட் வரை வருவாரா என்பது. "உத்தரவாதம் ஐந்து ஆண்டு" என்பார்கள். அது மோட்டாருக்கு மட்டுமா, மின்பலகைக்கும் உண்டா, வந்துபோகும் கூலி யார் பொறுப்பு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 60, 70 கிலோ பெட்டியை நீங்களே ஏற்றிக்கொண்டு கடைக்குப் போக முடியாது. லோரிக்காரர்கள் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவது வழக்கம். வீட்டுக்குள் வைத்துப் பொருத்தித் தருவதும் விலையில் அடக்கமா என்று கேளுங்கள்.

விற்றவர் கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம். ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சான்று. அழித்துவிடாதீர்கள்.

பழைய இயந்திரம் வாங்குவது தவறில்லை. பலர் வாங்கிச் சில மாதங்களில் விற்றுவிடுவதால் நல்லதும் கிடைக்கும். போய்ப் பார்க்கும்போது, வீட்டில் ஆகக் கனமானவர் ஏறி, மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்து நிமிடம் நடக்கட்டும். பெல்ட் தயங்கித் தயங்கி நகர்ந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, பெல்ட்டின் ஓரம் நைந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

மின்சாரமும் இடியும்

சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். நீட்டிப்பு வயர் வேண்டாம். குளிர்பெட்டியோடும் ரைஸ்குக்கரோடும் ஒரே பிளக்கைப் பங்கிடவும் வேண்டாம். பிளக்கில் மலேசியத் தரச்சான்று அமைப்பான சிரிமின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இயந்திரத்தைப் போட்டதும் மெயின் விழுந்தால், திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காமல் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் நில இணைப்பு சரியாக இருக்காது. இரும்புக் கைப்பிடியைப் பிடித்து, வியர்வையோடு நடக்கப்போவது நீங்கள்.

இடி இடிக்கும்போது நடக்கக் கூடாது. மின்சாரம் திடீரென்று போனால் பெல்ட் காலடியில் நின்று உங்களை முன்னால் தள்ளிவிடும். நடந்து முடித்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய பருவமாற்றக் காலத்தில் மாலை இடி மிகக் கடுமை. ஒரு மின்னல் அதிர்ச்சி மின்பலகையைக் கருக்கிவிடும்.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. தினமும் அரைமணி நடந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 10 யூனிட்தான் ஆகும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் அவசரக் கயிற்றின் சாவியைக் கழற்றி எட்டாத இடத்தில் வையுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் இயந்திரங்கள் ஏறக்குறைய 1,25,000ஐத் திரும்பப் பெற்றது; ஆறு வயதுக் குழந்தை ஒன்று அதன் அடியில் இழுக்கப்பட்டு இறந்திருந்தது. பேரப்பிள்ளைகள் வரும் வீடுகள் இதை மறக்கக் கூடாது.

முதல் நடை

கைலி, சேலை, தொங்கும் துப்பட்டா எதுவும் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே தளராத உடை, காலுறை, பின்புறம் மூடிய காலணி. சிலிப்பரோடும் வெறுங்காலோடும் ஏறக் கூடாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் நடக்கும் முன்னும் பின்னும் பாதத்தை அடிவரை பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பெல்ட்டின்மேல் நின்றுகொண்டு இயந்திரத்தைத் தொடங்காதீர்கள். இரு பக்கத்து ஓரப்பலகைகளில் கால் வைத்து, கயிற்றைச் சட்டையில் மாட்டி, கைப்பிடியைப் பிடித்து, ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பிறகு ஒரு கால், அடுத்த கால். பார்வை நேராக இருக்கட்டும். காலைப் பார்த்துக் குனிந்தால் தடுமாறுவீர்கள். கைப்பிடியை விரல்களால் தொட்டால் போதும். உடல் எடையை அதன்மேல் சாய்த்தால் நடையின் பயன் குறையும், தோளும் வலிக்கும். இறங்கும்போது வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பெல்ட் முழுதாக நின்றபின் இறங்குங்கள். தரை நகர்வதுபோல் சில நொடி தோன்றும். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றால் சரியாகிவிடும்.

முதல் வாரம் மணிக்கு 2.5 முதல் 3 கிலோமீட்டர், பத்து நிமிடம், சரிவு வேண்டாம். உடல் ஏற்றுக்கொண்டால் முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைப் பிறகு. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஒரு மாதத்தில் 4 கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் வந்துவிட்டால் நல்ல முன்னேற்றம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம். சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளையும் பத்து நிமிடம் நடப்பவர் ஐந்தே நாளில் 150ஐத் தொட்டுவிடுவார்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: நடந்தபின் வலி இரண்டு மணி நேரத்தில் அடங்கினால் அதே அளவில் தொடரலாம். மறுநாள் காலையும் இருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

சர்க்கரையை இறக்கும் மருந்து எடுப்பவர்கள் நடக்கும் முன் விரல் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, அளவு ஏறியபின் நடங்கள். எட்டும் இடத்தில் சர்க்கரைத் தண்ணீர் இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே நிறுத்திக் குடியுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ வந்தால் நிறுத்தி உட்கார்ந்து 999க்கு அழையுங்கள். வாயுவாக இருக்கும் என்று படுக்கப் போகாதீர்கள்.

திரையில் காட்டும் கலோரியை நம்பி ரொட்டி சானாய் சாப்பிட வேண்டாம். 75 கிலோ உள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நடந்தால் செலவாவது ஏறக்குறைய 130 கலோரி; ஒரு ரொட்டி சானாய் சுமார் 300. எடை குறைவது தட்டில்தான் நடக்கும். நடை சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் செய்யும் நன்மை அந்த எண்ணில் தெரியாது. நிமிடங்களை ஒரு தாளில் குறித்து, கிளினிக்குக்குப் போகும்போது மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை முடிவோடு மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைக் குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும்.

எண்ணெய், பெல்ட், பல்லி

வீட்டு டிரெட்மில் கெடுவதற்கு முதல் காரணம் வறண்ட பெல்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கை உருவிவிட்டு, பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வழுக்கல் இல்லாமல் வறண்டிருந்தால் சிலிகோன் எண்ணெய் ஊற்றும் நேரம். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, பலகையின்மேல் ஒவ்வொரு பக்கமும் ஒரு தேக்கரண்டி அளவு வளைத்து வளைத்து ஊற்றி, ஆளில்லாமல் மெதுவாகச் சில நிமிடம் ஓடவிடுங்கள். தேங்காய் எண்ணெய், மோட்டார்சைக்கிள் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது, பெல்ட்டைக் கெடுத்துவிடும்.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்பக்கத்து இரண்டு போல்ட்டுகளைப் பாருங்கள். வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் வலது போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஆளில்லாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட். காலை ஊன்றும்போது பெல்ட் வழுக்கினால் இரண்டையும் சமமாகக் கால் சுற்று இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் உருளையின் பேரிங் போய்விடும். நடுவில் பெல்ட்டைத் தூக்கினால் 5 முதல் 7 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும்.

மோட்டார் மூடிக்குள் பல்லியும் எறும்பும் கூடு கட்டுவது நம் ஊருக்கே உரிய தொல்லை. மோட்டாரின் சூட்டைத் தேடி உள்ளே போகும் பல்லி மின்பலகையில் இரு முனைகளைத் தொட்டால் அதுவும் சாகும், பலகையும் கருகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கை உருவி, அரைமணி நேரம் விட்டு, மூடியைக் கழற்றித் தூசியை வேக்குவம் வைத்து இழுத்துவிடுங்கள். ஈரத்துணி உள்ளே போகக் கூடாது. கீழே திறந்திருக்கும் இடைவெளிகளில் மெல்லிய கம்பிவலை ஒட்டலாம், ஆனால் காற்றுத்துளைகளை முழுதாக அடைக்காதீர்கள். மோட்டார் சூடேறி நின்றுவிடும்.

பெல்ட்டின் அடித்துணி வழவழப்பாகிப் பளபளத்தாலோ, ஓரம் பிரிந்தாலோ எண்ணெய் இனி உதவாது, மாற்ற வேண்டும். புதியது வாங்கும்போது இயந்திரத்தின் மாடல் எண்ணோடு, பழைய பெல்ட்டின் அகலத்தையும் முழுச் சுற்றளவையும் அளந்து கொடுங்கள். மாற்றும்போது அடிப்பலகையையும் பாருங்கள். நடுவில் தேய்ந்து வெளுத்திருந்தால், சில மாடல்களில் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். உங்கள் மாடலில் முடியுமா என்று பழுது பார்க்க வருபவரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.